மலையில் விளையும் சாமை மலைக்காரர் தட்டில் ஏன் இல்லை?

போன ஞாயிறு ஒடுகத்தூர் வழியாக ஜவ்வாது மலை ஏறியிருந்தேன். ஒரு வீட்டு வாசலில் ஒரு அக்கா உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார். இரண்டு படிதான் இருக்கும். குத்துவதும், முறத்தில் புடைப்பதும், உமி போகாததைத் திரும்ப உரலில் போடுவதுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. உள்ளங்கையைக் காட்டினார், விரல் மடியும் இடமெல்லாம் காய்ப்பு. "தெனம் யாரு சார் இத்த குத்திக்கினு இருக்கறது? ரேஷன் அரிசின்னா களைஞ்சி உலையில போட்டா முடிஞ்சிபோச்சி" என்றார்.

அவர் கொல்லையில் விளைவது சாமை. அதை உமியோடு மூட்டையாக வியாபாரிக்குப் போட்டுவிட்டு வீட்டில் ரேஷன் அரிசி வடிக்கிறார்கள். அந்தச் சாமை அரிசியாகி வேலூர் கடைக்கு வந்ததும், சர்க்கரைக்கு நல்லது என்று நாம் வாங்கிப் போகிறோம். எனக்கு இது உறுத்துகிறது.

மழையை நம்ப முடியாத இந்தக் காலத்தில் மலைச் சரிவுக்குச் சாமையைப் போல ஒத்துவரும் பயிர் குறைவு. ஆடியை ஒட்டி மழை கிடைத்தால் விதைக்கலாம், மூன்று மாதத்தில் அறுப்பு. கிணறு வேண்டாம், கல்லு மண்ணிலும் வரும். கூடவே துவரை, அவரை, கடுகு என்று கலந்து விதைத்தால் ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும். அறுப்பு நேரத்தில் அடைமழை பிடித்தால் சாமைக்கும் சேதம்தான், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் உமியோடு காயவைத்து எடுத்துவைத்த சாமை வருடக்கணக்கில் கெடாது. அரிசியாக்கினால்தான் சில மாதத்தில் சிக்குவாடை வரும். மழை பொய்த்த வருடத்தில் ஒரு குடும்பத்தைத் தாங்கியது அந்தக் குதிர்தான்.

நெல் மில்லில் சாமையைப் போட முடியாது, மணி அவ்வளவு பொடி. தனி மெஷின் வேண்டும். அந்த ஊரிலேயே ஒன்று இருக்கிறது! பெல்ட் அறுந்து, மோட்டார் ஓடாமல், கோணிப்பை போர்த்திக் கிடக்கிறது. கொடுத்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனதோடு சரி, ரிப்பேருக்கு யாரும் வரவில்லை.

2023ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. திருவண்ணாமலைப் பக்கம் அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையமே இருக்கிறது, அங்கிருந்து சாமையில் புது ரகமும் வந்திருக்கிறது. ஆக, விதை கிடைக்கிறது, விளைகிறது. உரலுக்கும் உலைக்கும் நடுவில்தான் எல்லாம் நின்றுபோகிறது.

இலவச அரிசியை நிறுத்தச் சொல்லவில்லை. அது எத்தனையோ வீட்டில் பட்டினியைத் தடுத்தது. ஆனால் 2023ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்களே, அதேபோல ஜவ்வாது மலை ரேஷன் கடையில் சாமை அரிசி கொடுக்கலாம். அந்த மலைக்காரர்களிடமே கொள்முதல் செய்து, அங்கேயே உமி நீக்கி, பள்ளிக்கூட மதிய உணவுக்கும் சேர்த்துக் கொடுக்கட்டும். கூலியும் மலையிலேயே தங்கும். கூடவே மெஷினைப் பழுதுபார்க்க அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேருக்காவது பயிற்சி கொடுக்க வேண்டும். மெஷினைவிட அதுதான் முக்கியம் என்பேன்.

அப்புறம் ஒரு விஷயம். வேலூர், அணைக்கட்டுப் பக்கம் மோட்டார் வேலை தெரிந்த நண்பர்கள் யாராவது வருகிற ஞாயிறு என்னோடு மலைக்கு வர முடிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பெல்ட் நான் வாங்கிவிடுகிறேன், பெட்ரோலும் என் செலவு.