குடிநோயாளி வீட்டாருக்கான கூட்டத்தை மகளிர் குழுவோடு சேர்க்காதீர்கள்

நீலகிரியில் குடிநோயாளிகளின் வீட்டாருக்கென்று ஒரு ஆதரவுக் குழு தொடங்கலாம் என்று யார் பேச்செடுத்தாலும், உடனே ஒருவர் எழுந்து, "அதான் மகளிர் சுய உதவிக் குழு ஊருக்கு ஊர் இருக்கே, அதுலயே அரை மணி நேரம் ஒதுக்கிட்டாப் போச்சு" என்பார். அதிகாரிக்கும் இது பிடிக்கும், தொண்டு நிறுவனத்துக்கும் பிடிக்கும். ஆள் சேர்க்க அலைய வேண்டாம், இடம் தேட வேண்டாம். என்னைக் கேட்டால் இதைவிட மோசமான இடம் கிடையாது.

காரணம் பணம். மகளிர் குழுவில் கடன் கிடைப்பது அவரவர் நாணயத்தை வைத்து. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் தலையில் விடியும். அந்த வட்டத்தில் உட்கார்ந்துகொண்டு "எங்க வீட்டுக்காரர் இந்த மாசச் சம்பளத்தை முழுசாக் குடிச்சிட்டார்" என்று எந்தப் பெண் வாய் திறப்பாள்? திறந்தால் அடுத்த கடனில் அவள் பெயர் கடைசிக்குப் போகும். அதனால் எல்லோரும் "பக்கத்து லைன்ல (எஸ்டேட் குடியிருப்பு வரிசை) ஒரு வீடு இருக்கு" என்று அடுத்தவர் வீட்டுக் கதையாகவே பேசுவார்கள். புறணி பேசிக் கலைவதற்குத் தனியாக ஒரு குழு எதற்கு?

ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், நிலைமை இன்னும் சிக்கல். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் உறவு. மகன் கஞ்சா அடிக்கிறான் என்று தாய் சொன்னால், அவன் தங்கையின் கல்யாணப் பேச்சு வரை அது போய் நிற்கும். சர்ச் கமிட்டி, எஸ்டேட் வெல்ஃபேர் ஆபீஸ் இரண்டுக்கும் இதே கதைதான். கடன், வேலை, சம்பந்தம் இந்த மூன்றில் ஒன்றைக்கூடத் தீர்மானிக்கும் அதிகாரம் அந்த அறையில் இருக்கிறவர்களிடம் இருக்கக்கூடாது. குழுவுக்கு இடம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நாற்காலி, மின்விசிறி எல்லாம் பிறகு. (மலையில் மின்விசிறி எதற்கு என்பது வேறு.)

வீட்டார் தனியாகக் கூடும் இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1935இல் அமெரிக்காவில், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) தொடங்கியது. கணவன்மார் உள்ளே கூட்டத்தில் இருக்க, கூட வந்த மனைவிமார் வெளியே தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஏஏவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ், 1951இல் இப்படிச் சேர்ந்த குழுக்களை ஒன்றாக்கி அல்-அனான் என்று தனி அமைப்பாக்கினார். பதின்வயதுப் பிள்ளைகளுக்கான அலட்டீன் 1957இல் வந்தது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டிடிகே மருத்துவமனையும் குடும்பத்துக்கென்று தனி சிகிச்சைத் திட்டம் வைத்திருக்கிறது. குடிக்கிறவர் சிகிச்சைக்கு வந்தாரா, நிறுத்தினாரா என்று அல்-அனான் கேட்பதில்லை. அவர் குடித்துக்கொண்டே இருந்தாலும் நீங்கள் வரலாம். "இந்தக் கூட்டத்துக்குப் போனா அவர் நிறுத்திடுவாரா?" என்று கேட்டு வருகிறவரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும். பொய் நம்பிக்கை கொடுத்து உட்கார வைத்தால் மூன்றாம் வாரம் வரமாட்டார். குறைந்தது ஆறு கூட்டம் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பது அல்-அனானில் வழக்கமாகச் சொல்வது. நல்ல கணக்கு. முதல் இரண்டு கூட்டம் அழுகையிலேயே போய்விடும்.

இனி மலைக்கு எப்படிப் பொருத்துவது என்று பார்ப்போம்.

நாள் ஞாயிறு, நேரம் காலை 11 மணி. எஸ்டேட்டுக்கு லீவு, சாமான் வாங்க டவுனுக்கு இறங்கும் நாள். ஒரு பெண் கோத்தகிரிக்கோ குன்னூருக்கோ கூடலூருக்கோ போவதற்கு அன்று யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சாதாரணக் கட்டண அரசுப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது 2024இல் மலைக்கும் வந்துவிட்டதால் பஸ் காசுக்குக் கை ஏந்த வேண்டியதும் இல்லை. சாயங்காலம் 5 மணிக்கு வைத்தீர்களோ, முடிந்தது. பனிமூட்டம், கடைசி பஸ், கோத்தகிரிப் பக்கம் கரடி, கூடலூர்ப் பக்கம் யானை. டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. அதற்குள் கூட்டம் பெரும்பாலும் முடிந்திருந்தால் வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு வருகிறவளுக்குக் கொஞ்சம் நிம்மதி. (12 மணிக்கு முன்னாடியே எங்கே கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள்.)

சொந்த ஊரில் நடக்கும் கூட்டத்துக்குப் போக வேண்டாம். மஞ்சூர்க்காரர் ஊட்டிக்கு வரட்டும், ஊட்டிக்காரர் குன்னூருக்குப் போகட்டும். வாசலில் பேனர் கூடாது. பல வகை ஆட்கள் வந்துபோகும் கட்டடமாக இருந்தால் நல்லது. டைப்ரைட்டிங் வகுப்பும் தையல் வகுப்பும் நடக்கும் மாடி என்றால் யார் எதற்கு ஏறுகிறார்கள் என்று கீழே டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

கூட்டம் 75 நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம் விதிகளை வாசிப்பது. பிறகு சுற்றி வரிசையாக ஆளுக்கு 4 நிமிடம், கடிகாரம் பார்த்து. பேச விருப்பமில்லை என்றால் "பாஸ்" என்று சொல்லிவிடலாம், யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது. ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் தன் விஷயத்தைத்தான் பேச வேண்டும். முன்னால் பேசியவருக்குப் பதில் சொல்லக் கூடாது. கட்டிக்காக்க மிகக் கடினமான விதி இதுதான். நம் ஊரில் ஒருவர் அழுதால் ஆறுதலாக நாலு யோசனை சொல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவு. "அந்தக் கோயில்ல கயிறு கட்டு", "பிள்ளையைக் கூட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போயிரு", "அவன் கூட்டாளி சகவாசத்தை முதல்ல வெட்டிவிடு". இந்த மூன்றில் எதை ஏற்றாலும், அது பலிக்காதபோது அவள் யோசனை சொன்னவர் முகத்தில் விழிக்கத் தயங்கி வராமல் நின்றுவிடுவாள். குழுக்கள் கலைவது பெரும்பாலும் சண்டையால் அல்ல, இந்த யோசனைகளால்.

ஒரே குடிகாரரின் தாயும் மனைவியும் ஒரே கூட்டத்தில் உட்காரவே கூடாது. "என் மகன் கல்யாணத்துக்கு முன்னாடி தொட்டதில்லை" என்று மாமியார் தொடங்கினால் மருமகளின் நாலு நிமிடம் அங்கேயே முடிந்தது. இருவருக்கும் வேறு வேறு ஊர்க் கூட்டத்தைச் சொல்லுங்கள். அப்பாக்கள், அண்ணன்கள் வந்தால் மகிழ்ச்சி, ஆனால் கடிகாரத்தை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். நடத்துகிறவர் மாதத்துக்கு ஒருவர் என்று சுழற்சியில் மாற வேண்டும். ஒரே அக்கா மூன்று வருடம் நடத்தினால் அது அந்த அக்காவின் குழு ஆகிவிடும். அவர் மகள் வீட்டுக்குத் திருப்பூர் போனதும் கதவு பூட்டிக்கொள்ளும்.

காசு: ஒரு டப்பா சுற்றி வரும், டீக்கும் வாடகைக்கும் முடிந்ததைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். சீட்டு, கைமாற்று எதுவும் உறுப்பினர்களுக்குள் கூடாது. ஒருத்தி இன்னொருத்தியிடம் 500 ரூபாய் வாங்கிய வாரத்திலிருந்து இருவரில் ஒருவர் வருவதில்லை.

சரி, இத்தனை கட்டுப்பாட்டுக்குள் என்னதான் நடக்கிறது? வீட்டார் செய்யும் சில வேலைகள் வெளிச்சத்துக்கு வருகின்றன. திங்கட்கிழமை காலையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எழுந்திருக்கவில்லை. மனைவி எஸ்டேட்டில் வேலைக் கணக்குப் பார்க்கும் கணக்கப்பிள்ளைக்குப் போன் போட்டு "அவருக்குக் காய்ச்சல் அண்ணா" என்கிறாள். பெட்ஷீட்டை அலசிப் போடுகிறாள். கடையில் அவர் வைத்த பாக்கியைத் தான் தேயிலை பறித்துச் சம்பாதித்த இலைப் பணத்தில் கட்டுகிறாள். பத்து மணிக்கு அவர் எழும்போது வீடு சுத்தம், வேலை பத்திரம், கடன் தீர்ந்தது. குடித்ததற்கான விலை ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை. இதை வகுப்பெடுத்துச் சொன்னால் "அப்போ நான்தான் காரணமா?" என்று அவள் உடைந்துபோவாள். அதே காய்ச்சல் போனை எதிரில் இருப்பவளும் போட்டிருக்கிறாள் என்று கேட்கும்போது சிரிப்பு வருகிறது, அதற்குப் பிறகு மாற்றம் வருகிறது. வாரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதல் வாரம் போன் போடாதீர்கள். போட வேண்டியவர் அவர். ஆனால் வேலை போனால் லைன் வீடும் போகும் என்ற நிலையில் இருக்கிறவளுக்கு இது பொருந்தாது. அவள் கடைப் பாக்கியிலிருந்து தொடங்கட்டும்.

பாட்டில் எண்ணுவதையும் நிறுத்தலாம். ஒளித்து வைத்ததைத் தேடுவது, கோடு போட்டு அளவு பார்ப்பது, சிங்கில் கொட்டுவது, இதிலேயே பாதி நாள் போகிறது. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022இல் நம் மாவட்டத்தில்தான் முதலில் வந்தது. எண்ணுவதால் கிடைக்கும் ஒரே லாபம் அந்தப் பத்து ரூபாய்தான்.

பேச வேண்டியதைப் போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். மறுநாள் காலை, டீ குடித்த பிறகு, மூன்று வாக்கியம்: "நேத்து ராத்திரி பாப்பா சாப்பிடாமலே தூங்கிருச்சு. எனக்குப் பயமா இருந்துச்சு. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட வர்றீங்களான்னு கேக்குறேன்." அதோடு எழுந்து போய்விட வேண்டும். நாலாவது வாக்கியம் எப்போதும் "உங்க அப்பா மாதிரியே..." என்றுதான் தொடங்கும்.

குழுவில் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டிய மருத்துவ விஷயங்கள் சில உண்டு. சாம்பாரில் கலந்து கொடுக்கும் "குடி நிறுத்தும் மருந்து". அது டைசல்ஃபிரம் என்ற மாத்திரையாக இருக்கலாம். அவருக்குத் தெரிந்து, சம்மதித்து, குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகு, டாக்டர் பார்வையில் எடுக்க வேண்டியது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு.

தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள். பேய் என்று மந்திரிக்கக் கூட்டிப் போகும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தேர்தலுக்காக 48 மணி நேரம் கடை அடைக்கும்போதும் இதே கதை நடக்கும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதீர்கள், 108க்குக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் மானத்துக்குப் பயந்து "காய்ச்சல்" என்று சொல்லாதீர்கள். குடிக்கிறவர் உடம்பில் தயாமின் என்ற பி1 வைட்டமின் குறைந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். நீங்கள் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.

"குளிருக்கு ஒரு கட்டிங்" என்பதும் பொய். சாராயம் தோலடி ரத்தக் குழாய்களை விரிக்கிறது. சூடாக இருப்பதுபோல் தோன்றும், உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். உறைபனி விழும் ஜனவரி ராத்திரியில் வாசலில் விழுந்து கிடப்பவரை "காலையில தெளிஞ்சு வரட்டும்" என்று விட்டுவிடக்கூடாது. விளைவை அனுபவிக்க விடுவதற்கும் சாக விடுவதற்கும் வித்தியாசம் உண்டு. தூக்க வேண்டாம், உள்ளே இழுத்து, ஒருக்களித்துப் போட்டு, போர்த்திவிட்டால் போதும்.

கை நீட்டுகிற வீட்டுக்கு இந்தக் குழு மட்டும் போதாது. அங்கே முதலில் 181. ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ், ஒரு மாத்து உடுப்பு ஒரு பையில், நம்பகமான வேறு வீட்டில். போதை பற்றிய ஆலோசனைக்கு 14446, மனநலத்துக்கு 14416. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது இந்த மூன்று எண்ணையும் மனப்பாடமாகக் கொடுங்கள். துண்டுச் சீட்டு வேண்டாம், அது சட்டைப்பையில் அகப்படும்.

தீபாவளி போனஸுக்கு முந்தைய வாரமும், படுகரின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு முந்தைய வாரமும் கூடுதலாக ஒரு கூட்டம் வையுங்கள். நிறுத்தியவர்கள் திரும்பத் தொடங்குவது பெரும்பாலும் கையில் காசும் சுற்றிலும் சொந்தக்காரரும் இருக்கும் நாளில். பணம் வரும் முன்பே எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று இருவரும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். வந்த பிறகு பேசினால் பறித்ததாகிவிடும்.

கடைசியாக, வருகைப் பதிவேடு. அரசோ நிறுவனமோ இடம் கொடுத்தால் கையெழுத்தும் போட்டோவும் கேட்கும். எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள். பெயர் இல்லை என்றால் இடம் இல்லை என்றார்களானால் வேறு இடம் பாருங்கள். இரண்டு பேர் இருந்தாலே குழுதான், அதற்கு ஒரு டீக்கடை பெஞ்சு போதும். வாட்ஸ்அப் குரூப் வேண்டவே வேண்டாம். மலையில் பாதி வீட்டில் ஒரே போன், அதுவும் அவர் கையில்.

இந்தப் பதிவுக்குக் கீழேயும் "எங்க வீட்லயும் இதே கதைதான்" என்று கமெண்ட் போடாதீர்கள், உங்கள் கொழுந்தனும் இதைப் படிக்கலாம். இன்பாக்ஸில் உங்களுக்குப் பக்கத்து டவுன் பெயரை மட்டும் எழுதுங்கள், உங்கள் ஊர்ப் பெயர் வேண்டாம்.