சிமுலேட்டருக்குப் பணம் கேளுங்கள், படிப்பதற்குக் கேட்காதீர்கள்

சென்னையில் நடந்த அந்தக் கூட்டத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காணொளியைப் பலரும் பார்த்துவிட்டீர்கள் என்பதால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. கப்பலை நடுக்கடலில் நிறுத்திவைக்கும் டி.பி. முறைக்கான வகுப்பில் சேரவிருக்கும் ஒரு தேர்டு மேட், அதாவது இளநிலைக் கப்பல் அதிகாரி, எழுந்து, வகுப்புக்கு வருமுன் படித்துக்கொண்டு வரக் குறைந்த செலவில் ஏதாவது கிடைக்குமா என்று மேடையிலிருந்த மூத்த கேப்டனிடம் கேட்டார். "காசு கணக்குப் பார்க்கிறவனுக்கு ஆஃப்ஷோர் எதற்குத் தம்பி, பேசாமல் பல்க் கேரியரிலேயே இருந்துவிடு" என்று பதில் வந்தது. (ஆஃப்ஷோர் என்றால் கடலில் எண்ணெய்த் தளங்களை ஒட்டிய வேலை, பல்க் கேரியர் என்றால் தானியம், நிலக்கரி போன்றவற்றை ஏற்றும் சரக்குக் கப்பல்.) அரங்கம் சிரித்தது. கேப்டன் சொன்னதைக்கூட மறந்துவிடுவேன். சிரித்தவர்களில் என்னோடு ஒரே கப்பலில் வாட்ச் பார்த்தவர்களும் இருந்தார்கள் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

கப்பல் தொழிலை அறியாத நண்பர்களுக்காகச் சில வரிகள். நங்கூரம் போடாமல், கயிறு கட்டாமல், நடுக்கடலில் ஒரு கப்பலை ஒரே இடத்தில், ஒரே திசை நோக்கி நிறுத்திவைக்கும் ஏற்பாடுதான் டைனமிக் பொசிஷனிங் என்கிற டி.பி. காற்றும் அலையும் நீரோட்டமும் கப்பலை எவ்வளவு தள்ளுகின்றன என்று கணினி கணக்கிட்டு, அதற்கு எதிராக, கப்பலைத் தள்ளும் விசிறிகளான த்ரஸ்டர்களை இயக்கிக்கொண்டே இருக்கும். 1961இல் கஸ் 1 என்ற துளையிடும் கப்பலை நான்கு த்ரஸ்டர்களைக் கொண்டு கையால் இயக்கியே ஆழ்கடலில் நிறுத்திக் காட்டினார்கள். அதே ஆண்டில் ஷெல் நிறுவனத்தின் யுரேகா மனிதக் கை படாமல் தானாக நின்றது. இன்று எண்ணெய்த் தளத்துக்குச் சரக்குக் கொண்டுபோகும் சப்ளை வெசல் முதல் கடலடிக்கு டைவர்களை இறக்கும் கப்பல் வரை அதே தத்துவத்தில்தான் நிற்கின்றன. அந்தக் கணினியின் முன் உட்கார்ந்து அது சொல்வது உண்மையா பொய்யா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்தான் டி.பி.ஓ.

அவர் சரியாகப் பார்க்காவிட்டால் என்ன ஆகும், கணினியே கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2012 செப்டம்பரில் வட கடலில் நடந்தது ஒன்று போதும். பிப்பி டோபாஸ் என்ற டைவிங் கப்பலின் டி.பி. ஏற்பாடு மோசமான வானிலையில் செயலிழந்து கப்பல் அடித்துக்கொண்டு போனது. கீழே வேலை செய்துகொண்டிருந்த டைவர் ஒருவருக்கு மேலிருந்து மூச்சுக் காற்று கொண்டுவரும் குழாயான அம்பிலிக்கல் இரும்புக் கட்டமைப்பில் சிக்கி அறுந்தது. முதுகிலிருந்த அவசரக் காற்று சில நிமிடங்களுக்குத்தான் வரும் என்ற நிலையில், அரை மணிநேரத்துக்கும் மேல் அவர் கடலடியில் கிடந்து பிழைத்தார். இப்படிப்பட்ட வேலைக்கு வருகிற ஒரு பையன் முன்கூட்டியே படித்துக்கொண்டு வருகிறேன் என்றால், அவன் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா, சிரிக்க வேண்டுமா?

நான் சொல்வது ஒன்றுதான். சிமுலேட்டருக்குப் பணம் கேளுங்கள், படிப்பதற்குக் கேட்காதீர்கள். சிமுலேட்டர் அறை அமைக்கச் செலவாகும், அதைப் பராமரிக்க ஆள் வேண்டும், பயிற்றுநருக்குச் சம்பளம் தர வேண்டும். ஒப்புக்கொள்கிறேன், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் கப்பலின் ஆறு அசைவுகளில் முன்பின், பக்கவாட்டு, திசைத் திருப்பம் ஆகிய மூன்றை மட்டுமே டி.பி. கட்டுப்படுத்துகிறது, மற்ற மூன்றையும் அளந்து கணக்கில் எடுத்துக்கொள்வதோடு சரி என்பதைத் தெரிந்துகொள்ள ஒருவன் மும்பைக்கு ரயிலேறி, லாட்ஜில் அறை எடுத்து, கட்டணம் கட்டி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. அது நாலு பக்கத் தாளில் அடங்கும் விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தாள்கள் எல்லாம் ஏற்கெனவே உலகில் இலவசமாகக் கிடக்கின்றன. டி.பி. கப்பல்களை மூன்று வகுப்பாகப் பிரித்து 1994இல் ஐ.நா.வின் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. வெளியிட்ட 645ஆம் சுற்றறிக்கையும், அதைப் புதுப்பித்து 2017இல் வந்த 1580ஆம் சுற்றறிக்கையும் எவர் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். அமெரிக்காவின் மரைன் டெக்னாலஜி சொசைட்டியின் டி.பி. குழு ஹூஸ்டனில் ஆண்டுதோறும் நடத்தும் மாநாட்டின் கட்டுரைகள், தொண்ணூறுகளில் எழுதப்பட்டவை உட்பட, ஒரு பைசா இல்லாமல் கிடைக்கின்றன. கடல்சார் ஒப்பந்ததாரர்களின் சர்வதேசச் சங்கமான ஐ.எம்.சி.ஏ.வின் பாதுகாப்பு அறிவிப்புகளில் எந்தக் கப்பலில் எது எப்படிக் கெட்டது என்று பெயரை மறைத்து எழுதியிருக்கிறார்கள். இவ்வளவும் இருக்கிறது என்று அந்தத் தேர்டு மேட்டுக்கு ஒருவர் சொல்லியிருந்தால் போதும், அதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா? ஆனால் சொன்னால், இதே பக்கங்களை ஸ்பைரல் பைண்டிங் செய்து 'கோர்ஸ் மெட்டீரியல்' என்று விற்பது எப்படி?

நான் முதல் வகுப்புக்குப் போனபோது கொடுத்த கோப்பை, கடைசி நாள் மாலை கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பி வாங்கிவிட்டார்கள். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். பக்கங்களில் பாதி எங்கள் மேசையில் இருந்த டி.பி. கணினியின் மாடலுக்குச் சம்பந்தமே இல்லாத பழைய மாடலின் படங்கள். தூத்துக்குடியில் என் அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கித்தான் கட்டணம் கட்டியிருந்தார். வகுப்பில் கேள்வி கேட்டால், "அதெல்லாம் கப்பலில் போய்க் கற்றுக்கொள்வீர்கள்" என்றார்கள். கப்பலில் போய்க் கேட்டால், "இதைக்கூட வகுப்பில் சொல்லித்தரவில்லையா" என்றார்கள்.

எனக்கு டி.பி.யைக் கற்றுக்கொடுத்தது ஒரு நோட்டுப் புத்தகம். மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் எண்ணெய் வயலான மும்பை ஹையில் முதல் முறை ஏறிய சப்ளை வெசலில், கொல்லத்துக்காரரான சீனியர் டி.பி.ஓ. ஒருவர், நீல அட்டை போட்ட நீளமான நோட்டை என் முன் தள்ளி, "படிச்சோ, ஆனா பேப்பர் கிழியாம பாத்துக்கோ" என்றார். அதில் ஒரு முழுப் பக்கத்துக்குத் திரையில் தெரியும் 'கரன்ட்' என்ற எண்ணைப் பற்றி மட்டும் எழுதியிருந்தார். அது கடலின் நீரோட்டம் அன்று. காற்றைத் தவிரத் தன்னால் நேரடியாக அளக்க முடியாத விசைகளையும் தன் கணக்கில் இருக்கும் தவறுகளையும் எல்லாம் கூட்டி, கணினி நீரோட்டம் என்று பெயர் வைத்துக் காட்டுகிறது. காற்றுமானி எண்ணெய்த் தளத்தின் மறைவில் நின்று குறைவாகக் காட்டினாலும் சரி, ஒரு த்ரஸ்டர் சொன்ன அளவுக்குத் தள்ளாவிட்டாலும் சரி, அந்த வித்தியாசம் எல்லாம் அங்கேதான் வந்து ஒளிந்துகொள்ளும். ஓத அட்டவணை ஒன்று சொல்ல, திரை இன்னொன்று சொன்னால், நம்பாதே, தேடு என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார். கட்டணம் கட்டிய வகுப்பில் இந்த ஒரு பக்கம் இல்லை.

அடுத்த பக்கம், கப்பல் எங்கே நிற்கிறது என்று கணினிக்குச் சொல்லும் கருவிகளான இடங்காட்டிகளைப் பற்றியது. மூன்று இடங்காட்டிகள் இருந்தால் ஒன்று பொய் சொல்லும்போது மற்ற இரண்டும் அதை வாக்களித்து வெளியேற்றிவிடும் என்று எல்லோரும் நிம்மதியாக இருப்போம். ஆனால் அந்த மூன்றில் இரண்டு ஜி.பி.எஸ்.ஸாக இருந்து, இரண்டும் ஒரே திருத்த சிக்னலை நம்பியிருந்து, அந்த சிக்னலே கெட்டுப்போனால், பொய் சொல்லும் இரண்டும் ஒன்று சேர்ந்து ஒளிக்கதிரால் தளத்தின் தூரத்தை அளந்து உண்மை சொல்லும் ஒரே லேசர் கருவியை வெளியே தள்ளிவிடும். கப்பல் பெரும்பான்மையின் பேச்சைக் கேட்டுத் தளத்தை நோக்கி நகரும். லேசர் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. தளத்தில் பொருத்திய பிரதிபலிப்பானை விட்டுவிட்டு, அந்தப் பக்கம் நடந்துபோகும் தொழிலாளியின் பாய்லர் சூட் என்கிற வேலை உடையில் மின்னும் பட்டையைப் பிடித்துக்கொண்டு, அவர் டீ குடிக்கப் போனால் கப்பலும் பின்னாலேயே போகப் பார்க்கும். இதைப் படித்தவன் சிரிப்பான், ஆனால் மறக்கமாட்டான். இதைச் சொல்லிக்கொடுக்க எந்த சிமுலேட்டர் வேண்டும்?

இனி வரப்போகும் பின்னூட்டங்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

காப்புரிமை இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். ஒரு தயாரிப்பாளரின் கையேட்டைத் திருடிப் பரப்பச் சொல்லவில்லை. அளவீடுகளிலிருந்து கப்பலின் உண்மையான இடத்தைக் கணிக்கும் கணக்குமுறையான கால்மன் ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது என்பது எவருடைய தாத்தா சொத்தும் இல்லை.

நிறுவனம்தானே செலவை ஏற்க வேண்டும் என்பார்கள். ஆமாம், ஏற்க வேண்டும். நிரந்தர வேலையில் இருப்பவருக்குச் சில நிறுவனங்கள் ஏற்கின்றன. ஒப்பந்தத்தில் ஏறி இறங்குகிறவனுக்கு எந்த நிறுவனம் ஏற்கும்?

அரைகுறையாகப் படித்துவிட்டு வருவது ஆபத்து என்பதுதான் எல்லோருக்கும் பிடித்த வாதம், மேடையிலும் இதையே சொன்னார்கள். படிக்காமல் வருவது ஆபத்தில்லையாம், படித்துவிட்டு வருவதுதான் ஆபத்தாம். நாலைந்து நாள் வகுப்பில், அதுவரை காதால்கூடக் கேட்டிராத சொற்களை வரிசையாகக் கேட்டு, கடைசி நாள் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகிறவர் முழுமையாகத் தெரிந்தவராம். ஆறு மாதம் முன்பிருந்தே சுற்றறிக்கைகளையும் விபத்து அறிக்கைகளையும் புரட்டிவிட்டுக் கேள்விகளோடு வருகிறவர் அரைகுறையாம். நீச்சல் தெரியாதவன்தான் குளத்தில் பத்திரமாக இருப்பான் என்பது போன்ற பேச்சு இது. மாணவர் அடிப்படையைப் படித்துக்கொண்டு வந்தால், அந்த நாலைந்து நாளும் சிமுலேட்டரிலேயே உட்காரலாம், டிரைவ் ஆஃப் ஆனால், அதாவது கப்பல் தன் த்ரஸ்டர்களாலேயே இடத்தை விட்டு ஓடினால், கை எங்கே போக வேண்டும் என்று பத்து முறை செய்து பார்க்கலாம். கொடுத்த காசுக்கு மதிப்பு அப்போதுதான் வரும். ஆனால் படித்துக்கொண்டு வருகிறவன் கேள்வி கேட்பான் என்பது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் எனக்கு.

நம் கடலிலேயே நடந்ததை மறந்துவிட்டோமா? 2005 ஜூலை 27 அன்று, மும்பை ஹையில், காயம்பட்ட ஒருவரை இறக்குவதற்காகத் தளத்தை நெருங்கிய சமுத்ரா சுரக்ஷா கப்பல் எரிவாயுக் குழாயில் மோதியது. தளமே எரிந்து அழிந்தது, 22 உயிர்கள் போயின. அன்று கப்பல் கையால்தான் இயக்கப்பட்டது, அதை டி.பி.யின் தலையில் நான் கட்டவில்லை. ஆனால் தளத்தை எந்தப் பக்கத்திலிருந்து நெருங்குவது, ஒரு த்ரஸ்டர் கைவிட்டால் காற்று எங்கே கொண்டுபோய் விடும் என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான். அந்த விபத்தைப் பற்றி நம் பயிற்சி நிறுவனம் ஏதாவது பத்துப் பக்கம் தமிழில் எழுதி மீனவக் கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறதா? நான் பார்த்ததில்லை.

சரி, பணம் கட்டி முதல் வகுப்பை முடித்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். டி.பி.ஓ. சான்றிதழ் வழங்கும் லண்டன் நாட்டிகல் இன்ஸ்டிடியூட் முறைப்படி, அதற்குப் பிறகு டி.பி. கப்பலில் குறைந்தது 60 நாள் இருந்தால்தான் சிமுலேட்டர் வகுப்புக்குப் போக முடியும். கப்பலில் ஏற்றச் சொன்னால் நிறுவனம் சான்றிதழ் கேட்கிறது. சான்றிதழ் கேட்டால் கப்பலில் இருந்த நாள்களைக் கேட்கிறார்கள். இந்த இடுக்கில்தான் ஏஜென்ட் வந்து உட்காருகிறார். தூத்துக்குடியிலும் கன்னியாகுமரியிலும் 'டி.பி. பெர்த்', அதாவது டி.பி. கப்பலில் ஏற இடம், 'வாங்கித் தருகிறேன்' என்று சொல்லிப் பணம் வாங்கியவர்களின் பெயரெல்லாம் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் எழுத்தில் கொடுக்கமாட்டார்கள். முழுச் சான்றிதழ் வாங்கிய பிறகும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 150 நாள் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எண்ணெய் விலை விழுந்து கப்பல்கள் கட்டிப்போடப்பட்ட ஆண்டுகளில் அந்த நாள்களுக்காகக் குறைந்த சம்பளத்துக்கு ஏறியவர்களை நான் அறிவேன். அவர்களில் ஒருவரிடம் போய்க் காசு கணக்குப் பார்க்காதே என்று சொல்லிப் பாருங்கள்.

"நீங்கள் ஏறி வந்துவிட்டீர்கள், இப்போது எதற்கு இந்தச் சத்தம்" என்று ஒரு நண்பர் தனியாகக் கேட்டிருந்தார். ஏறி வந்தவன் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது? அந்தத் தேர்டு மேட் பேசினார், அவருக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தோம். காசு இருக்கிறவனுக்கு மட்டுமே தொழில் என்று மேடையில் ஒருவர் சொல்லும்போது, அது என் அப்பா வாங்கிய கடனைப் பார்த்துச் சொன்னதாகவே எனக்குக் கேட்கிறது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

கொல்லத்துக்காரரின் நோட்டிலிருந்து நான் எடுத்த குறிப்புகளையும், பிறகு கப்பல்களில் நானே எழுதிச் சேர்த்தவற்றையும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். அவரிடம் அனுமதி கேட்டேன், "என் கையெழுத்து உனக்குப் புரிஞ்சதே பெரிசு" என்று சொல்லிவிட்டார். இடங்காட்டிகள், காற்றுமானி, மின்பகிர்வு ஆகிய மூன்று பகுதிகள் தமிழில் முடிந்துவிட்டன. வேண்டியவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். நான் வேலை பார்த்த எந்தக் கப்பலின், எது பழுதானால் என்ன ஆகும் என்று ஆராயும் எஃப்.எம்.இ.ஏ. அறிக்கையையும் தயவுசெய்து கேட்க வேண்டாம், அது நிறுவனத்தின் சொத்து, தரமாட்டேன். காணொளியில் கேள்வி கேட்ட அந்தத் தம்பியை அறிந்தவர்கள் யாராவது இருந்தால், முதல் பிரதியை அவருக்குச் சேர்த்துவிடுங்கள்.