திரும்பிப் போயிட்டாங்களாம்!

"கொத்தடிமை வேலையிலிருந்து மீட்ட குடும்பம் மறுபடியும் செங்கல் சூளைக்கே போயிடுச்சு" என்கிற அந்தப் பதிவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு டேக் செய்கிறீர்கள். கமெண்ட்டுகளையும் படித்தேன். "இதுங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் பிரயோஜனமில்ல." சரிங்க. பிழைப்புக்கென்று ஆட்டுக்குட்டி கொடுத்து, அதோடு படம் எடுத்துப் பதிவு போட்ட நீங்கள் கிளம்பிய பிறகு அந்த இருளர் பழங்குடிக் குடும்பம் எதைச் சாப்பிட்டது என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

அவர்களைத் திரும்ப இழுத்தது சோம்பேறித்தனம் இல்லை. முன்பணம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கூலி வேலை கிடைக்காது. அப்போது அரிசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் தருவது சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி மட்டும்தான். ஜாமீன் கேட்க மாட்டார், ஆதார் கேட்க மாட்டார். மழை விட்டதும் அந்த முன்பணத்துக்காகச் செங்கல் அறுக்கக் கூப்பிடுவார். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கூலி. அதிலேயே வாரச் செலவுக்குக் கொடுத்ததைக் கழிப்பார்கள். சீசன் முடிந்து கணக்குப் பார்த்தால் பாக்கி நிற்கும். கணக்கு நோட்டு யாரிடம் இருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

"சட்டம் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது, கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976-லிருந்து. கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்று கொடுத்தால் கடன் ஒழிந்தது. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் 2 லட்சம் என்ற மறுவாழ்வுத் தொகையை மட்டும் வழக்கின் முடிவோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள். வழக்கு வாய்தா வாய்தாவாக நகரும். அடுத்த ஐப்பசி அதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

வருகிற பணமும் நேராகக் கைக்கு வருவதில்லை. இரண்டு வருடம் வரவு செலவு இல்லையென்றால் வங்கிக் கணக்கு முடங்கிவிடும். உயிர்ப்பிக்க மறுபடி கேஒய்சி என்கிற அடையாளச் சரிபார்ப்பு. ஆதாரில் இருப்பது பழைய போன் நம்பர். ரீசார்ஜ் செய்யாததால் அது இப்போது வேறு யாரிடமோ இருக்கும், ஓடிபி அங்கே போகும். மண் பிசைந்து பிசைந்து ரேகை தேய்ந்த விரலை ரேஷன் கடை மெஷினும் ஏற்காது. கருவிழிப் பதிவு வைத்துப் பொருள் கொடுங்கள் என்று கூடவே போய் வாதாட ஓர் ஆள் வேண்டும். பழங்குடிச் சான்றும் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அங்கே "அப்பாவோட சான்று எங்கே?" என்பார்கள். அப்பாவுக்கு யார் கொடுத்தார்கள்? மனைப்பட்டா கேட்டால், இருப்பது ஏரிப் புறம்போக்கு, தர முடியாது. இந்த வேலைக்கெல்லாம் போட்டோ வராது, லைக்கும் வராது.

"ஆடு குடுத்தோமே, வித்துட்டாங்களே!" நிலமில்லாதவர் எங்கே மேய்ப்பார்? ஆட்டுக்குச் சினைக்காலமே ஐந்து மாதம். நீங்கள் கொடுத்தது குட்டி. அது வளர்ந்து, ஈன்று, அந்தக் குட்டியும் விற்கும் பதத்துக்கு வர ஒரு வருடத்துக்கு மேலாகும். அடைமழையில், தடுப்பூசி போடாமல் ஆட்டைக் கொண்டுவந்து இறக்கினால் ஆட்டுக்கொல்லி நோயில் பாதி செத்துப்போகும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது விற்றார்கள் என்றால், ஏழை வீட்டில் ஆடு இருப்பதே அதற்குத்தான்.

"குடிக்கிறாங்க." ஆமாம், சில வீடுகளில் உண்டு. உங்கள் அபார்ட்மெண்டில் குடிப்பவருக்கு வங்கி கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டதா?

மீட்ட குடும்பங்களோடு கூடவே நிற்கிற இந்த வேலையில் சந்தோஷமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது, உங்களுக்குத்தான் அது செய்தியாகத் தெரியாது. போன வருடம் வாயே திறக்காத அம்மா, இந்த வருடம் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார். பிளாஸ்டிக் கவரில் எல்லாக் காகிதமும் அடுக்கி இருக்கும். மனுவைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் நகர மாட்டார். இதற்கு இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். நடுவில் ஒருமுறை சூளைக்குத் திரும்பிப் போவதும் அந்த வருடங்களுக்குள் அடக்கம்தான்.

அப்புறம் உங்கள் பதிவில் இருக்கிற அந்தப் படம். ஏழெட்டு வயதுப் பிள்ளை, முகம் தெளிவாகத் தெரிகிறது, கைகூப்ப வைத்திருக்கிறீர்கள். வேலையிலிருந்து மீட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். நன்றிகெட்டவர்கள் என்று எழுத நேரம் கிடைத்ததே, அந்தப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தீர்களா? நடுவருடத்திலும் சேர்க்கலாம், டிசி இல்லை என்று மறுக்க முடியாது. முதலில் படத்தை எடுங்கள். பதிவை அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.