பாக் கான்டாட்டாக்களுக்கு ஒரு பெட்டி போதுமா?

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் கான்டாட்டாக்களுக்கு (பாடகர்களும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வழங்கும் பல பகுதிப் படைப்புகள்) ஜப்பானிய இசை நடத்துனர் மசாக்கி சுசுகியின் இசைத்தட்டுத் தொகுப்பு ஒன்றே போதும் என்கிறது உங்கள் கட்டுரை. புதிதாகக் கேட்க வருபவருக்குச் சரி. கோபேயில் 1995 முதல் 2013 வரை பதிவான அந்த வரிசை ஒலித்தரத்தில் அபாரம்தான். ஆனால் சேகரிப்பவர், நடத்துனர்கள் ஹார்னன்கூர்ட்டும் லியோன்ஹார்ட்டும் 1971இல் தொடங்கிய தொகுப்பை எப்படி விட முடியும்? பாக் காலத்து வாத்தியங்கள், பெண் குரலுக்குப் பதில் பெரும்பாலும் சிறுவர் குரல். சில ஆரியாக்களில் (தனிக்குரல் பாடல்களில்) பையன்கள் திணறுகிறார்கள், சுருதியும் லேசாக விலகுகிறது. பாக் வேலை பார்த்த லைப்சிக் நகரில் அவருக்குக் கிடைத்ததும் பள்ளிக்கூடப் பையன்கள்தானே! எனக்கு அது குறையாகவே படவில்லை. முடிந்தால் பழைய எல்பி (வினைல் இசைத்தட்டு) பெட்டிகளாகத் தேடுங்கள், உள்ளே முழு இசைக்குறிப்புப் புத்தகமும் வரும். வாங்கும் முன் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிடுங்கள், கோரஸ் நடுவில் கீறல் இருந்தால் கொடுமை.

ஆங்கிலேய நடத்துனர் கார்டினர் 2000இல் ஊர் ஊராகப் போய்க் கச்சேரிகளிலேயே பதிவு செய்தவையும் நல்லவை, வேகம்தான் சில சமயம் மூச்சு முட்டும். அப்புறம், நவீன வாத்தியங்களோடு 1985க்குள் எல்லாச் சமயக் கான்டாட்டாக்களையும் பதிவு செய்து முடித்த நடத்துனர் ஹெல்முத் ரில்லிங்? அவருக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லையே, ஏன் சார்?