மேடையில் கைதட்டு வாங்கிய உளுந்தங்களி

பாளையங்கோட்டை விழாவில் அந்த அண்ணாச்சி பேசிய காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "கொரோனாவில் இளவட்டங்கள் செத்தது புரோட்டா தின்றதால், உளுந்தங்களி தின்றவனைக் கிருமி அண்டாது" என்றதும் அரங்கமே கைதட்டியது. அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

நான் உளுந்தங்களிக்கு எதிரி இல்லை. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் உண்டு வளர்ந்தவள். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களே புரதத்தால் ஆனவை என்பதால், புரதமும் துத்தநாகமும் வைட்டமின்களும் குறைந்த உடல் நோயோடு போராடத் திணறும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உணவு உடலுக்கு வலுவூட்டுமே தவிர, அதுவரை கண்டிராத ஒரு கிருமியை இன்னதென்று காட்டிக்கொடுக்காது. அதை நோய் வந்து கற்கலாம், தடுப்பூசியால் கற்கலாம்; களி தின்று கற்க முடியாது.

"முன்னோர்கள் எப்படி இருந்தார்கள் தெரியுமா?" என்பீர்கள். 1918ஆம் ஆண்டு பரவிய இன்ஃபுளுவென்சா இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அவர்களில் 20 முதல் 40 வயதுக்காரர்கள் ஏராளம். அவர்கள் எந்தக் கடையில் புரோட்டா தின்றார்கள் என்று அண்ணாச்சிதான் சொல்ல வேண்டும்.

சித்த மருத்துவத்தைப் பழிக்கிறேன் என்றும் சிலர் கிளம்புவார்கள். கபசுரக் குடிநீரை நாங்களும் காய்ச்சிக் குடித்தோம். அதை வழங்கிய அரசுதான் முகக்கவசம் அணியவும், பிறகு ஊசி போட்டுக்கொள்ளவும் சொன்னது. பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டது யார் குற்றம்? சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கொரோனா கடுமையாயிற்று என்பது உண்மை. அண்ணாச்சி அதை மட்டும் பேசியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

என் பெரியப்பா சேரன்மகாதேவிப் பக்கம் வயல் வைத்திருந்தவர். விடிந்தால் பழைய சோறு, வாரம் தவறாமல் களி, புரோட்டாக் கடை வாசலை மிதித்ததே இல்லை. 45 வயதானவர்கள் அனைவருக்கும் 2021 ஏப்ரல் 1 முதல் ஊசி கிடைத்தது. பதிவு செய்யட்டுமா என்று நாலு முறை கேட்டேன். "ஏளா, களி தின்னு வளந்த ஒடம்பு இது, எனக்கு எதுக்கு ஊசி?" என்று சிரித்தார். இப்படி ஒரு மேடையில் யாரோ சொல்லக் கேட்டுத்தானே அந்த நம்பிக்கை அவருக்கு வந்திருக்கும்? மே மாதம் போய்விட்டார்.

இளைஞர்களுக்கு விழிப்புணர்வே இல்லையாம். முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டுத் திரிந்தோம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆக்சிஜன் படுக்கை எங்கே காலி என்று இரவெல்லாம் கைப்பேசியில் விசாரித்ததும், 18 வயது நிரம்பியவர்களுக்கும் ஊசி என்றதும் போய் வரிசையில் நின்றதும், புரோட்டா தின்ற அதே பிள்ளைகள்தான் அண்ணாச்சி. அன்று எங்களை யாரும் மேடையேற்றிப் பேசச் சொல்லவில்லை. இன்று செத்தவர்களின் தட்டை எட்டிப் பார்த்துக் குற்றம் சொல்ல மட்டும் மேடை கிடைக்கிறது.

அந்தக் காணொளியைப் பகிர்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் குடும்பக் குழுவில் பெரியம்மாவும் இருக்கிறார். ஏற்கெனவே இருவர் அதை அங்கே போட்டுவிட்டார்கள். "அவுகளும் களிதானே தின்னாக" என்று அதன் கீழே பெரியம்மா எழுதியிருக்கிறார். இதுவரை ஒருவரும் பதில் போடவில்லை.