ஒரே ப்ரீசெட் எல்லா வெயிலுக்கும் ஒத்துவராது
லைட்ரூம் என்ற போட்டோ திருத்தும் மென்பொருளில், ஒரு படத்துக்குச் செய்த திருத்தங்களைச் சேமித்து மற்ற படங்களுக்கும் போடுவதுதான் ப்ரீசெட். "ஒரு ப்ரீசெட் செய்து வைத்தால் ஆயிரம் படத்தையும் ஒரே கிளிக்கில் முடிக்கலாம்" என்று அதைப் பற்றிய ஒரு கட்டுரையில் இருப்பது ஸ்டுடியோவுக்குள் எடுத்த படங்களுக்கு வேண்டுமானால் சரி. தனுஷ்கோடியில் சூரியன் எழும்பும் முன் ஒரு கல்யாண ஜோடியை எடுத்து, அந்த நேரத்து நீலச் சாயலைப் போக்கிச் செய்த ப்ரீசெட்டையே 9 மணிக்கு அரிச்சல்முனையில் எடுத்த படங்களுக்கும் போட்டேன். மணல் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து, பெண்ணின் அரக்குப் பட்டு ஆரஞ்சாகிவிட்டது. லைட்ரூம் ப்ரீசெட்டில் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) +0.70 என்று சேமித்தால், ஏற்கெனவே வெளிச்சமாக இருக்கும் படத்திலும் அதே +0.70தான் உட்காரும். ஒயிட் பேலன்ஸும் (நிறச் சாயலைச் சரிசெய்வது) அப்படியே. இப்போதெல்லாம் சேமிக்கும்போதே அந்த இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுகிறேன். வெளிச்சம் மாறிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு படத்தைத் திருத்தி, அந்தக் கொத்துக்கு மட்டும் சிங்க் (அதே திருத்தத்தை மற்ற படங்களுக்கும் போடுவது), அவ்வளவுதான். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், வானத்துக்குப் போட்ட மாஸ்க் (திருத்தம் படவேண்டிய பகுதியை மட்டும் குறிப்பது) அடுத்த படத்தில் கடலுக்குள் இறங்கிவிடுவதாகச் சொல்கிறார். கிரேடியன்ட் (படிப்படியாக மங்கிக்கொண்டே போகும் மாஸ்க்) என்றால் போட்ட இடத்திலேயேதான் நிற்கும். 2021 அக்டோபரில் வந்த செலக்ட் ஸ்கை என்ற வசதி ஒவ்வொரு படத்திலும் வானத்தைத் தானே தேடிக்கொள்ளும். 1964 புயலில் இடிந்த தனுஷ்கோடி சர்ச்சின் ஜன்னல் ஓட்டை வழியாகத் தெரியும் வானத்தை மட்டும் எனக்குச் சில சமயம் விட்டுவிடுகிறது, அதைப் பிரஷ்ஷால்தான் தொட வேண்டியிருக்கிறது.