பகிர வேண்டியது மூச்சு

இருவர் கண்களை மூடியபடி திரை பொருத்திய ஹெட்செட் அணிந்து, கணினி உருவாக்கிய ஒரே மெய்நிகர் உலகில் சந்திக்கும்போது, ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிவதில்லை; தெரிவதெல்லாம் கணினி வரைந்த உருவம்தான். மறைந்துபோன முகத்துக்கு ஈடாக மூச்சையும் இதயத் துடிப்பையும் அளந்து எதிரில் இருப்பவருக்குக் காட்டினால் நெருக்கம் வளருமா என்று ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள். இந்த முயற்சியை மனமார வரவேற்கிறேன். ஆனால் முதலில் பகிர வேண்டியது மூச்சு என்பதே என் உறுதியான கருத்து.

கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் எகடெரினா ஸ்டெபனோவா, பெர்ன்ஹார்ட் ரீக்கே உள்ளிட்ட குழுவினர் உருவாக்கி, 2020இல் ஆய்வுக் கட்டுரையாக விவரித்த 'ஜெல்' என்ற படைப்பில், கடலுக்கடியில் இருவரும் ஆளுக்கொரு ஜெல்லி மீனைத் தம் மூச்சால் இயக்குகிறார்கள்; இருவர் மூச்சும் ஒத்திசையும்போது பவளம் போன்ற ஓர் உருவம் அவர்களிடையே வளர்கிறது. இவர் மகிழ்ச்சியாக இருக்கிறார், அவர் பதற்றமாக இருக்கிறார் என்று எந்திரம் தீர்ப்புச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துத் தூங்க வைத்தவர்களுக்கு, நம் மூச்சு நிதானப்படும்போது அதன் அழுகையும் மெல்ல அடங்குவது தெரிந்திருக்கும்.

மூச்சு தானாகவும் நடக்கும், நாம் நினைத்தபடியும் நடக்கும். ஆகவே அதைப் பகிர்பவர் தம்மை இழப்பதில்லை. மேலும், உள்ளிழுக்கும்போது இதயம் சற்று விரைவதும் வெளிவிடும்போது தணிவதும் இயல்பு என்பதால், மூச்சு இணைந்தால் துடிப்பும் அதைப் பின்தொடர்கிறது. கூட்டாகப் பாடுவோரின் இதயத் துடிப்பு சேர்ந்தே ஏறி இறங்குவதை 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டியதும் இதனால்தான்.

துடிப்பை நேரடியாகப் பகிர்வது வேறு விஷயம். அச்சத்திலும் அது கூடும், ஆசையிலும் கூடும், மாடிப்படி ஏறினாலும் கூடும். 1966இல் ஸ்டூவர்ட் வாலின்ஸ் என்ற உளவியலாளர், போலியான துடிப்பொலியைத் தம்முடையது என்று நம்பிய மாணவர்கள், அவ்வொலி மாறியபோது பார்த்த படங்களை அதிகக் கவர்ச்சியானவை என மதிப்பிட்டதைக் கண்டறிந்தார். பொய்யான துடிப்பே மனத்தை இவ்வளவு திருப்புமென்றால், இருவருக்கிடையே அமர்ந்து துடிப்பைக் காட்டும் நிறுவனத்தின் கையில் எவ்வளவு அதிகாரம் சேரும்! துடிப்பை அளக்கும் உணரி பொருத்திய ஹெட்செட் 2021இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் உடல் தரவைக் கொண்டு உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவுக்கு, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை விதித்திருப்பது சரியான முடிவு. ஆனால் நண்பர்களும் தம்பதியரும் சந்திக்கும் மெய்நிகர் அறைகள் அந்தத் தடைக்கு வெளியே இருக்கின்றன.

இவற்றை வடிவமைப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: மூச்சை அப்படியே காட்டுங்கள், அதற்கு உணர்ச்சியின் பெயர் சூட்டாதீர்கள், பகிர்வை நிறுத்தும் பொத்தான் அணிந்திருப்பவர் கையிலேயே இருக்கட்டும், அவர் நிறுத்திய கணத்தில் அதுவரை பதிவானதும் அழிந்துவிட வேண்டும்.